ஆண்டவர் முன்னே, ஊர் பின்னே



திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு தம்பதியரைச் சந்திக்கிறோம். அக்கிலா, பிரிஸ்கில்லா என்பது அவர்களுடைய பெயர்கள். கூடாரம் செய்வது அவர்களுடைய தொழில். யூதர் எல்லாரும் உரோமை நகரை விட்டு வெளியேற வேண்டும் எனப் பேரரசர் கிளவுதியு கட்டளையிட்டதால், இருந்த இடத்தை விட்டு அவர்கள் கொரிந்து நகருக்கு வந்திருந்தார்கள். அதே தொழிலைக் கற்றிருந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். புனித லூக்கா இதனை இரண்டு மூன்று வசனங்களில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். உரோமையில் அவர்களுடைய வேலைத்தலம் எப்படியிருந்தது, பாதி தைத்த கூடாரங்கள் என்னவாயின, எந்தக் கருவியைக் கையில் எடுத்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்பதையெல்லாம் அவர் எழுதவில்லை. மறையுரை ஆற்றும் குருக்களாகிய நாங்களும் பவுலின் பிரசங்கத்தைப் பற்றிப் பேசும் அவசரத்தில் இந்தத் தம்பதியரைத் தாண்டிச் சென்றுவிடுவதுண்டு.

கைத்தொழிலாளி ஒருவருக்கு வீடு வேறு, வேலைத்தலம் வேறு அல்ல. முற்றத்தில் நூல் காயும். திண்ணையில் பலகை அடுக்கியிருக்கும். சமையலறைக்குப் பக்கத்திலேயே தறியோ உலையோ இருக்கும். அங்கிருந்து அவர் எழுந்து போக வேண்டி வந்தால், குடியிருப்பையும் வருமானத்தையும், தந்தையிடமிருந்தும் தாயிடமிருந்தும் கற்றுக்கொண்ட இடத்தையும் ஒரே நாளில் விட்டுப் போகிறார். இதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க, மெக்சிக்கோ நாட்டின் ஒரு சிற்றூரின் வரலாற்றை இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்த ஊரைக் கலைத்தது பேரரசன் அல்லன், எரிமலை.

மிச்சோவாகன் மாநிலத்தில் புரேப்பெச்சா என்னும் பூர்வகுடி மக்கள் வாழும் மேட்டுநிலத்தில் அந்த ஊர் இருந்தது. சான் குவான் பராங்காரிக்குத்திரோ என்பது அதன் முழுப்பெயர். வாசிக்கும்போது உங்கள் நாக்கு தடுமாறினால் கவலை வேண்டாம். இந்தப் பெயரை வைத்து நாப்பிறழ்ச் சொற்றொடர் ஒன்றை உண்டாக்கி மெக்சிக்கோச் சிறுவர்களே தம் நாக்கைச் சோதித்துக்கொள்கிறார்கள். அதற்கு இலகுவான மறுபெயர் ஒன்றும் இருந்தது. 'படுக்கை விரிப்புகளின் புனித அருளப்பர் ஊர்' என்று பொருள்படும் பெயர் அது. அந்த ஊரார் கையால் செய்த படுக்கை விரிப்புகள் அத்தனை பெயர் பெற்றவை. ஒரு புனிதரின் பெயரும் ஒரு கைத்தொழிலின் பெயரும் சேர்ந்து ஓர் ஊரின் பெயராவது எவ்வளவு அழகான காரியம்!

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1531இல் நீதிபதியாக மெக்சிக்கோவுக்கு வந்து, பின்னர் 1538இல் மிச்சோவாகனின் முதல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர் வாஸ்கோ தெ கிரோகா. வெற்றிகொண்ட ஸ்பானியரின் கொடுமையால் சிதறிப்போயிருந்த மக்களை ஊர்களாகக் கூட்டி, மருத்துவமனையும் பொது வயலும் தொழிற்பயிற்சியும் ஏற்படுத்தியவர். மக்கள் இன்றும் அவரைத் 'தாத்தா வாஸ்கோ' என்கிறார்கள். அவர்கள் மொழியில் 'தாத்தா' என்றால் தந்தை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு தொழிலை அவரே பிரித்துக் கொடுத்தார் என்பது அங்குள்ள மரபு. சாந்தா கிளாரா என்ற ஊருக்குச் செப்பு வேலை, பராச்சோவுக்குக் கித்தார் வேலை என்று இன்றும் எண்ணிச் சொல்வார்கள். ஆயர் வருவதற்கு வெகு காலம் முன்பே செப்பை உருக்கத் தெரிந்தவர்கள் புரேப்பெச்சா மக்கள் என்பதால், எல்லாப் புகழையும் அவருக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும் மனிதரின் கைத்தொழிலை அவருடைய மாண்போடு சேர்த்துப் பார்த்த ஆயர் அவர். 2020 திசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரது வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார்.

அந்தப் பகுதிக் கைவினைஞர்களின் இன்னொரு திறமையையும் சொல்லியாக வேண்டும். சோளத் தண்டின் உட்சதையை அரைத்துப் பசையோடு பிசைந்து, அதிலிருந்து பாடுபட்ட சுரூபங்களைச் செய்தார்கள். ஆளுயரச் சுரூபமானாலும் பாரம் குறைவு. பவனியில் தோளில் சுமப்பதற்கு ஏற்றது. தாங்கள் உண்ணும் பயிரின் தண்டிலிருந்தே ஆண்டவரின் உருவத்தைச் செய்த மக்கள் அவர்கள்.

சான் குவான் ஊரின் ஆலயத்திலும் பெரும் பக்திக்குரிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருந்தது. 'அற்புதங்களின் ஆண்டவர்' என்று அதனை அழைத்தார்கள். செப்டெம்பர் 14ஆம் நாள், திருச்சிலுவையின் மகிமை விழாவுக்குத் தொலைவிலிருந்து யாத்திரிகர் கால்நடையாக வருவார்கள். வந்தவர்கள் ஆலயத்துக்குள் நடந்து போவதில்லை; நடனமாடிக்கொண்டே பீடத்தை நோக்கிப் போவார்கள். யாத்திரிகர் கூடும் ஊரில் கைவினைஞருக்கு என்ன நன்மை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. திருத்தலங்களை அண்டி வாழும் சிறு வியாபாரிகளை நாம் அறிவோம்.

1943 பெப்ரவரி தொடக்கத்தில் நிலம் அடிக்கடி நடுங்கியது. பூமிக்குள்ளிருந்து இடி போன்ற ஓசை வந்தது. அம்மாதம் 20ஆம் நாள் பிற்பகல், பக்கத்து ஊராகிய பரிக்குத்தினைச் சேர்ந்த தியோனீசியோ புலீதோ என்ற விவசாயி தம் நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே நிலம் வெடித்தது. வெடிப்பின் ஓரம் வீங்கி எழுந்தது. புகையும் சாம்பலும் கந்தக நாற்றமும் கிளம்பின. மனைவியையும் மாடுகளையும் தேடி ஓடிய அவர் அற்புதங்களின் ஆண்டவரைக் கூவி அழைத்ததாகப் பின்னர் கூறியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த வயலில் ஒரு சிறு குன்று நின்றது. ஓராண்டில் அது 300 மீற்றருக்கு மேல் உயர்ந்துவிட்டது. சோள வயலில் எரிமலை ஒன்று பிறந்து வளர்வதை விஞ்ஞானிகள் தொடக்கத்திலிருந்தே பார்த்துப் பதிவுசெய்த மிக அரிய சந்தர்ப்பம் இது. பரிக்குத்தின் என்ற ஊரின் பெயரே மலைக்கும் வந்தது. ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் மலையில் நிலைத்தது.

பரிக்குத்தின் மக்கள், ஏறக்குறைய 700 பேர், 1943 யூன் மாதத்திலேயே உருவாப்பன் நகருக்கு அருகே குடியேற்றப்பட்டார்கள். சான் குவான் மலையிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தள்ளியிருந்தது. அந்த ஊரைத் தேடி முதலில் வந்தது நெருப்பன்று, சாம்பல். எரிமலைச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பலைப் போல் மிருதுவானதன்று. அது பொடியாய் உடைந்த கல்லும் கண்ணாடியும். கூரையில் சேர்ந்தால் கூரை இறங்கும். புல்லில் படிந்தால் மாடு மேய முடியாது. அவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளும் நூற்றுக்கணக்கான குதிரைகளும் செத்தன. நாள்தோறும் கூரையேறிச் சாம்பலைத் தள்ள வேண்டியிருந்தது. இந்நிலையில், துணியையும் நூலையும் நம்பிப் பிழைக்கும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். துவைத்துக் காயப்போட இடமில்லை. மூடிவைத்த பெட்டிக்குள்ளும் கறுத்த பொடி இறங்கும். விரலுக்கும் நூலுக்கும் இடையில் அது உரசும். வேடிக்கை பார்க்க வெளிநாட்டவர் வந்தார்கள். அவர்களுக்குக் குதிரை வாடகைக்கு விட்டும் உணவு விற்றும் சிலர் நாட்களை ஓட்டினார்கள். தன் அழிவைப் பார்க்க வருபவரிடம் கூலி வாங்கிப் பிழைக்க நேர்ந்த அந்த மாதங்களை எப்படிக் கடந்திருப்பார்கள்?

'இது தண்டனை' என்ற பேச்சும் எழுந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையில் பழைய காணித் தகராறு ஒன்று இருந்தது. அந்தச் சண்டையில் குன்றின் மேல் நாட்டியிருந்த சிலுவையைத் தகர்த்ததால்தான் முதலில் வெட்டுக்கிளியும் பிறகு எரிமலையும் வந்தன என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டாம். துன்பத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று மனம் துடிப்பது இயல்பு. ஆனால் சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று ஆண்டவர் கேட்டதையும், அவரே அதனை மறுத்ததையும் லூக்கா 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மண்ணுக்கடியில் உருகிய பாறைக்கு இடம் தேவைப்பட்டது. அது மேலே வந்தது. அதற்கு யாருடைய பாவமும் தேவையில்லை. துன்பப்படுகிறவரின் வீட்டுக்குப் போய் அவருடைய பாவத்தை எண்ணிக் காட்டும் பக்தர்கள் நம்மிடையேயும் இருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

1944 சனவரியில் மலையின் அடியில் புதிய வாய் ஒன்று திறந்தது. அதிலிருந்து புறப்பட்ட எரிகுழம்பு சான் குவானை நோக்கி வரத் தொடங்கியது. அது பாய்ந்து வரவில்லை. மனிதர் நடப்பதைவிட மிக மெதுவாக, மேலே கறுத்த பாறையும் உள்ளே நெருப்புமாக, கரகரவென்று உருண்டு வந்தது. இந்த மெதுவான வேகத்தில்தான் அந்த ஊரின் சோதனை இருந்தது. வெள்ளமோ புயலோ வந்தால் யோசிக்க நேரமில்லை. இங்கேயோ ஒவ்வொரு காலையிலும் எழுந்து, இன்னும் எத்தனை அடி தூரம் என்று பார்த்துவிட்டு, இன்றைக்கும் இருப்பதா போவதா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அதிகாரிகள் போகச் சொன்னார்கள். மக்களோ ஆலயத்தைப் பார்த்தார்கள். ஆண்டவர் அங்கே இருக்கிறார். அவரை விட்டுவிட்டு நாம் எப்படிப் போவது என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எந்த எரிமலைக்கும் முன்னால் இப்படிக் காத்திருப்பது விசுவாசம் ஆகாது. கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் செயின்ட் பியர் நகரம் இருந்தது. அதுவும் கத்தோலிக்க நகரமே. 1902 மே 8, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா நாள் காலையில், பெலே மலையிலிருந்து இறங்கிய அனல் முகில் சில நிமிடங்களில் அந்த நகரையும் ஏறக்குறைய 28,000 மக்களையும் அழித்துவிட்டது. கூரைமேல் இருப்பவர் எதையும் எடுக்க வீட்டுக்குள் இறங்க வேண்டாம், வயலில் இருப்பவர் மேலுடைக்காகத் திரும்ப வேண்டாம் என்று மாற்கு 13இல் ஆண்டவர் எச்சரிப்பது அப்படிப்பட்ட நாட்களுக்கு அப்படியே பொருந்தும். சான் குவான் மக்களுக்குக் காத்திருக்க நேரம் கிடைத்தது. அது அவர்களுடைய துணிவால் கிடைத்ததன்று, எரிகுழம்பின் தன்மையால் கிடைத்தது.

1944 மே 9ஆம் நாள் அவர்கள் புறப்பட்டார்கள். அற்புதங்களின் ஆண்டவரின் சுரூபத்தை ஆலயத்திலிருந்து இறக்கித் தோளில் சுமந்துகொண்டு முன்னே சென்றார்கள். ஊர் பின்னே சென்றது. ஆண்டவர் போகிறார் என்றதும் தங்குவதற்குக் காரணம் இல்லாமற்போயிற்று. அங்காகுவான் என்ற அயலூர் வழியாக, உருவாப்பன் நகர் வழியாக, ஏறக்குறைய 33 கிலோமீற்றர் தூரம் நடந்து, மே 12ஆம் நாள் லோஸ் கொனேகோஸ் என்ற இடத்தை அடைந்தார்கள். ஒரு பழைய பண்ணை நிலம் அது. அன்றைய தினத்தையே தங்கள் புதிய ஊர் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது உங்களில் பலருக்கு 2008 ஏப்ரல் நினைவுக்கு வந்திருக்கும். மடுமாதாவின் திருச்சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாட்கள் அவை. அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து அன்னையைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போன நம் முன்னோரின் கதையும் அதுவே. ஆகையால் சுரூபத்தை முன்னே விட்டு நடந்த அந்த மெக்சிக்கோ மக்களைப் பார்த்து, ஒரு பொம்மைக்கு இவ்வளவா என்று கேட்க நம்மால் முடியாது. அவர்கள் மரத்தையோ பசையையோ நம்பவில்லை. தங்களைவிட்டு அகலாதவர் ஒருவர் உண்டு என்பதைக் காலால் நடந்து சொன்னார்கள்.

ஆனால் அவர்கள் ஆண்டவரை மட்டும் எடுத்துச் செல்லவில்லை என்பதையும் பக்திக் கதைகளில் நாம் மறைத்துவிடக் கூடாது. வீடுகளையும் எடுத்துச் சென்றார்கள். புரேப்பெச்சா மக்களின் மரபு வீடு தடித்த பைன் பலகைகளால் ஆனது. ஆணியின்றிப் பலகையைப் பலகையில் பொருத்தி எழுப்புவார்கள். தேவைப்பட்டால் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பொருத்தலாம். கூரை ஓடுகளையும் பலகைகளையும் கழற்றி லொறிகளில் ஏற்றினார்கள். கட்டியவரே கழற்றுவதில் ஒரு வேதனை உண்டு. ஒரு நன்மையும் உண்டு. எந்தப் பலகை எதற்குள் இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

விடுதலைப் பயண நூலில் இதைப் போன்ற ஒன்றை வாசித்திருக்கிறோம் அல்லவா? சந்திப்புக் கூடாரத்தின் சட்டங்கள், பாதப்பொருத்துகள், குறுக்குக் கட்டைகள் என்று அதிகாரம் அதிகாரமாக அளவுகள் வரும். பெரும்பாலோர் சலிப்போடு புரட்டிவிடும் பக்கங்கள். அவை முழுவதும், கழற்றிச் சுமந்து மீண்டும் பொருத்தக்கூடிய ஓர் ஆலயத்தின் குறிப்புகள். அதனைச் செய்ய ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்தது பெட்சலேல் என்ற கைவினைஞரை. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்காகவே கடவுள் அவரைத் தம் ஆவியால் நிரப்பினார் என்று 31ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்போது பெட்சலேலுக்கு வீடு இல்லை, பட்டறை இல்லை. எகிப்தை விட்டு வந்து பாலைநிலத்தில் நின்ற மனிதர் அவர். அவரிடம் இருந்தது கை. கைக்குள் இருந்தது பழக்கம்.

லோஸ் கொனேகோசில் தொடக்கம் இனிமையாக இருக்கவில்லை. பழகிய மேட்டுநிலக் குளிரும் காடும் அங்கில்லை. எல்லாருக்கும் போதிய நிலமும் இல்லை. அவ்வட்டார ஆண்கள் பலர் ஒப்பந்தத் தொழிலாளராக ஐக்கிய அமெரிக்காவின் வயல்களுக்குச் சென்றார்கள். கைத்தொழிலாளிக்கு இடப்பெயர்வு எங்கே வலிக்கும் என்றால், புதிய இடத்தில் கூடாரம் அடித்த முதல் நாளில் அல்ல. யாரும் தன் பொருளைக் கேட்டு வராத ஆறாவது மாதத்தில். நூல் எங்கே கிடைக்கும், யாரிடம் கடன் சொல்லலாம், எந்தச் சந்தைக்கு எந்தக் கிழமை போவது, இவையெல்லாம் வேலைத்தலத்தின் கண்ணுக்குத் தெரியாத சுவர்கள். இவற்றை லொறியில் ஏற்ற முடியாது. நிவாரணம் கொடுப்போர் அரிசியையும் கூரைத் தகட்டையும் கணக்கிடுகிறார்கள், அது வேண்டியதுதான். இடம்பெயர்ந்து வந்த தையற்காரியிடம், தச்சரிடம், ஒரு வேலையைக் கொடுத்துக் கூலியைக் கொடுப்பவர் அதனினும் பெரிய உதவி செய்கிறார். கொரிந்தில் பவுல் அக்கிலாவின் வீட்டுக்குப் போனபோது ஆறுதல் மொழி மட்டும் சொல்லவில்லை. அவர்களோடு உட்கார்ந்து கூடாரம் தைத்தார்.

அந்த மலை ஒன்பது ஆண்டுகள் எரிந்து 1952இன் தொடக்கத்தில் அடங்கியது. ஏறக்குறைய 25 சதுர கிலோமீற்றர் நிலம் எரிகுழம்பின் கீழ்ப் போயிற்று. இத்தனை நீண்ட எரிமலைக் காலத்தில் எரிகுழம்பாலோ சாம்பலாலோ நேரடியாக யாரும் இறக்கவில்லை. சாம்பல் முகிலில் உண்டான மின்னல் தாக்கி மூவர் இறந்தார்கள். இனி அந்த வாயிலிருந்து மலை எரியாது என்று நிலவியலாளர் கூறுகின்றனர்.

புதிய ஊர் நிலைத்தது. நுவேவோ சான் குவான் என்று முன்னால் ஒரு 'புதிய' சேர்த்து, பழைய நீண்ட பெயரையே அதற்கும் வைத்தார்கள். பழைய நிலத்தின் மேலும் காட்டின் மேலும் உள்ள உரிமையை அவர்கள் கைவிடவில்லை. 1980களின் தொடக்கத்தில், 11,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட அந்தப் பொதுக் காட்டைத் தாங்களே பராமரித்து, தாங்களே அறுத்து, தளபாடம் செய்து விற்கும் சமூகத் தொழில் ஒன்றை எழுப்பினார்கள். மெக்சிக்கோவில் மட்டுமன்றி வெளிநாடுகளிலும் வனவியல் கற்போர் அதனை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். படுக்கை விரிப்புகளால் பெயர் பெற்றிருந்த ஊர், மரத்தால் பெயர் பெற்ற ஊராகிவிட்டது. இது இழப்பா, வளர்ச்சியா என்று என்னைக் கேட்டால் இரண்டும் என்பேன்.

அற்புதங்களின் ஆண்டவரின் சுரூபம் இன்று புதிய ஊரின் ஆலயத்தில் இருக்கிறது. யாத்திரிகர் முன்போலவே நடனமாடிக்கொண்டே பீடத்தை நோக்கிச் செல்கிறார்கள். பழைய ஊரில் வீடு ஒன்றும் இல்லை, தெரு ஒன்றும் இல்லை. அலையலையாய் உறைந்த கறுத்த பாறைகளுக்கு நடுவே ஆலயத்தின் கோபுரம் ஒன்று மட்டும் எழுந்து நிற்கிறது. எரிகுழம்பு ஆலயத்துக்குள் புகுந்து நிறைந்து, பீடத்தை எட்டாமல் நின்றுவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவியைச் சொல்லி நாம் பிறரை எச்சரிப்பதுண்டு. இந்த மக்களோ திரும்பிப் பார்க்கிறார்கள், திரும்பியும் போகிறார்கள். அங்காகுவானிலிருந்து நடந்தோ குதிரையிலோ வந்து, பாறைகளின் மேல் கையையும் ஊன்றி ஏறினால்தான் அந்தப் பீடத்தை அடைய முடியும். அப்படி ஏறிப்போகிறவர்கள் அங்கே புதிதாய் வைக்கப்பட்ட மலர்களைக் காண்கிறார்கள்.